67 சதவீதச் சுமையில் உடைந்த கப்பல்: எம்ஓஎல் கம்ஃபர்ட் கணக்கில் விட்டுப்போனது என்ன?

2013 ஜூன் 17. அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் மாதம். சிங்கப்பூரிலிருந்து ஜித்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த எம்ஓஎல் கம்ஃபர்ட் என்ற கன்டெய்னர் கப்பல், ஏமனிலிருந்து சுமார் 200 கடல் மைல் தொலைவில் நடுவயிற்றில் விரிசல் விட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு துண்டு. கப்பலுக்கு வயது ஐந்துதான்: 2008-ல் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸின் நாகசாகி தளத்தில் கட்டியது, 316 மீட்டர் நீளம், 45.6 மீட்டர் அகலம். கப்பலில் இருந்த 26 பேரும் உயிர்காக்கும் படகில் இறங்கித் தப்பிவிட்டார்கள், அந்தப் பக்கம் வந்த இன்னொரு கன்டெய்னர் கப்பல் ஏற்றிக்கொண்டது. 4,382 கன்டெய்னர்கள் போயின.

பின்பாதி ஜூன் 27 அன்று மூழ்கியது. முன்பாதியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது ஜூலை 6 அன்று அதில் தீப்பிடித்தது, இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பலும் வந்து தண்ணீர் அடித்தது, ஆனாலும் ஜூலை 11 அன்று அதுவும் அடியில் போய்விட்டது. ஒரு பாதி 4,000 மீட்டர் ஆழத்தில், இன்னொன்று 3,000 மீட்டர் ஆழத்தில். ஆக, உடைந்த விளிம்பை வெட்டியெடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வழியே இல்லை. கையில் மிஞ்சியது வரைபடங்கள், மாலுமிகள் சொன்னது, அன்றைய கடல்நிலைத் தரவு, அப்புறம் அதே வடிவமைப்பில் கட்டிய சகோதரக் கப்பல்கள். நான் பார்ப்பது கப்பல் கட்டமைப்புப் பகுப்பாய்வு வேலை. எங்கள் அலுவலகத்தில் புதிதாக யாராவது சேர்ந்தால் முதலில் இந்த விபத்தைத்தான் எடுத்துப் பேசுவேன். அலைச்சுமை என்று நாம் போடும் கணக்கில் எதையெல்லாம் வசதிக்காக ஓரம் தள்ளுகிறோம் என்பது இதில் தெரிவதுபோல வேறு எதிலும் தெரிவதில்லை.

முதலில் வந்த விடை

ஜப்பான் அரசு பெரிய கன்டெய்னர் கப்பல்களின் பாதுகாப்புக்காக ஒரு குழு போட்டது. 2013 டிசம்பரில் அதன் இடைக்கால அறிக்கை வந்தது. விபத்து நேரத்துக் கடல்நிலை: சிறப்பு அலை உயரம் 5.5 மீட்டர், சராசரி அலைக்காலம் (அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையிலான நேரம்) 10.3 விநாடி, கப்பல் வேகம் 17 நாட் (மணிக்கு 17 கடல் மைல்). இதை உள்ளே கொடுத்து சிமுலேஷன் ஓட்டினால் சரக்கால் வரும் மொமென்ட்டும் (கப்பலை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை) அலையால் வரும் மொமென்ட்டும் சேர்ந்து சுமார் 94 லட்சம் கிலோநியூட்டன் மீட்டர் வந்தது. மூன்று ஹோல்டுகளுக்கு (சரக்கு அறைகளுக்கு) ஃபைனைட் எலிமென்ட் மாடல், அதாவது கட்டமைப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்த கணினி மாடல், செய்து, எஃகு நிரந்தரமாக நெளிந்து கைவிடும் வரை சுமையை ஏற்றிப் பார்த்தபோது கிடைத்த தாங்குதிறன் சுமார் 140 லட்சம். அதாவது வந்த சுமை, தாங்கக்கூடியதில் ஏறத்தாழ 67 சதவீதம்.

கணக்குப்படி கப்பல் உடைந்திருக்கவே கூடாது. ஆனால் உடைந்துவிட்டது.

இந்த மாதிரி ஒரு விடை வந்தால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். ஏதோ வெல்டிங் கோளாறு, மோசமான எஃகு என்று சொல்லி ஃபைலை மூடிவிடலாம். இல்லாவிட்டால் 94-ம் தப்பு, 140-ம் தப்பு, இரண்டும் எவ்வளவு தூரம் ஆடக்கூடியவை என்று தோண்டலாம். நல்லவேளையாக இரண்டாவதைச் செய்தார்கள்.

94 எப்படி வருகிறது

கப்பலை ஒரு நீண்ட உத்தரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அலையின் முகடு நடுவில் வந்து நிற்கும்போது நடு தூக்கிக்கொள்ளும், இரு முனையும் தொங்கும்: ஹாகிங். மேல்தளம் இழுபடும், அடித்தட்டு அழுத்தப்படும். முகடுகள் இரு முனையிலும், பள்ளம் நடுவிலும் வந்தால் நேரெதிர்: சாகிங். கன்டெய்னர் கப்பலில் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. வேகத்துக்காக முன்னும் பின்னும் ஒல்லியாக வடித்திருப்பார்கள், அதனால் முனைகளில் மிதப்புவிசை குறைவு, ஆனால் அங்கேயும் பெட்டிகளை அடுக்கியாக வேண்டும். எனவே அலையே இல்லாத துறைமுகத்தில் சும்மா நிற்கும்போதும் இந்தக் கப்பல் ஹாகிங்கில்தான் இருக்கும். அந்த நிலைநீர் மொமென்ட் அலையால் வருவதற்குச் சமமான அளவுக்கே போகும். கடலில் அலை வந்து இதன் மேல் ஏறுகிறது.

அலைப் பங்கை மதிப்பிட ஆகச் சுருக்கமான வழி விதிச் சூத்திரம். கப்பல் கட்டும் விதிகளை வகுத்துச் சான்று தருபவை வகைப்படுத்தல் சங்கங்கள், அவற்றின் கூட்டமைப்பான ஐஏசிஎஸ் அன்று கொடுத்திருந்தது: 190-ஐ அலைக் குணகத்தால், நீளத்தின் வர்க்கத்தால், அகலத்தால், பிளாக் கோஎஃபிஷியன்டால் (மூழ்கிய பகுதி ஒரு செவ்வகப் பெட்டியை எவ்வளவு நிரப்புகிறது என்ற விகிதம்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நடுக்கப்பலில் ஹாகிங் அலை மொமென்ட். நீளம் 300 மீட்டர், குணகம் 10.75, அகலம் 45.6, பிளாக் கோஎஃபிஷியன்ட் 0.65 என்று தோராயமாக நானே போட்டுப் பார்த்ததில் 54 லட்சத்துச் சொச்சம் வந்தது. கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. இந்தச் சூத்திரத்தில் கப்பல் முகப்பு எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது, அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது எதுவுமே இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வழி நேரடிக் கணக்கீடு. ஒரு மீட்டர் உயர அலை ஒன்றை ஒவ்வொரு நீளத்திலும் ஒவ்வொரு திசையிலும் கப்பலின் மேல் விட்டு, கிடைக்கும் மொமென்ட்டைக் குறித்துக்கொள்வது. இதற்கு சால்வெசன், டக், ஃபால்டின்சன் மூவரும் 1970-ல் தந்த ஸ்ட்ரிப் தியரி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கப்பலை ரொட்டி மாதிரி துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கணக்கிடுவதுதான் அது. கப்பலின் வெளிப்பரப்பைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பேனல் முறை இன்னும் நுணுக்கமானது, நேரம் பிடிக்கும். அப்புறம் உண்மைக் கடல்: பல அலைகளின் கலவை. ஒரு கடல்நிலையில் வரும் உச்சங்கள் ரேலே பரவல் என்ற புள்ளியியல் வளைவில் விழும், எல்லாக் கடல்நிலைகளையும் அவை நிகழும் வாய்ப்போடு சேர்த்தால் நீண்டகாலப் பரவல், அதில் பத்துக் கோடி அலைக்கு ஒருமுறை மிஞ்சக்கூடிய மதிப்பை எடுப்பது வழக்கம். அலைக்கு எட்டு விநாடி என்று வைத்தால் பத்துக் கோடி அலை என்பது ஏறக்குறைய 25 வருடம், கப்பலின் ஆயுசு. எந்தக் கடல் என்றால், வட அட்லாண்டிக். அதைவிட மோசமான வழித்தடம் கிடையாது என்பதால் அதையே எல்லாருக்கும் வைத்துவிட்டார்கள்.

வட அட்லாண்டிக்கைக் கணக்கில் வைத்துக் கட்டிய கப்பல் 5.5 மீட்டர் பருவக்காற்று அலையில் உடைந்ததால்தான் எல்லாருக்கும் தூக்கம் போனது. 5.5 மீட்டர் என்பது சிறப்பு உயரம்தான், அதாவது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஆயிரம் அலையில் ஒன்று அதைப்போல 1.86 மடங்கு வரும், பத்து மீட்டரைத் தாண்டிவிடும். காலமும் முக்கியம். ஆழ்கடலில் அலைநீளம் என்பது காலத்தின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கியது. சராசரி 10.3 விநாடி என்றால் ஸ்பெக்ட்ரத்தின் உச்சக் காலம், அதாவது அதிக ஆற்றல் இருக்கும் அலைகளின் காலம், 13, 14 விநாடிக்குப் பக்கம் போகும், அலைநீளம் ஏறத்தாழ 265 முதல் 305 மீட்டர். கப்பல் நீளமும் அதே வட்டாரம்தான். உயரத்தை மட்டும் பார்த்து 'சின்னக் கடல்தானே' என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதெல்லாம் அந்த 94-க்குள் ஏற்கெனவே இருக்கிற சமாச்சாரம். மீதி எங்கே?

அடித்தட்டில் 20 மில்லிமீட்டர்

சகோதரக் கப்பல்களை ஆராய்ந்தவர்கள் அடித்தட்டின் மையக்கோட்டை ஒட்டி மேடும் பள்ளமுமாக நெளிவுகளைப் பார்த்தார்கள், சுமார் 20 மில்லிமீட்டர் உயரம். அழுத்தம் தாங்காமல் நெளியும் பக்லிங்தான் அது, எஃகு ஓரிடத்தில் நெகிழ்வு எல்லையைத் தாண்டிவிட்டதன் தடம். இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 45 மீட்டர் அகல அடித்தட்டில் நிமிர்ந்து நின்று டார்ச் அடித்தால் கண்ணில் படாது, தட்டையொட்டிச் சாய்த்து அடித்தால்தான் நிழல் காட்டிக்கொடுக்கும். எம்ஓஎல் கம்ஃபர்ட்டில் விரிசல் தொடங்கிய இடமும் அடித்தட்டுதான் என்பது விசாரணையின் முடிவு, நடுக்கப்பலில் 6-ம் எண் ஹோல்டுக்குக் கீழே, தட்டுகளை விளிம்போடு விளிம்பாக வைத்துச் சேர்த்த பட் ஜாயின்ட் பக்கம்.

இந்தக் கப்பலில் ஹேட்ச் கோமிங் தட்டுக்கு (தளத்தில் சரக்கு அறைத் திறப்பைச் சுற்றி எழும்பி நிற்பது) அன்று புதிதாக வந்திருந்த 47 கிலோ ரக உயர்வலு எஃகைப் போட்டிருந்தார்கள், விபத்து நடந்ததும் பலரும் அதைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அது கப்பலின் உச்சியில் இருப்பது. விரிசல் கிளம்பியதோ அடிவயிற்றில். அந்தச் சந்தேகம் அதோடு முடிந்தது.

அடித்தட்டு மேல் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹாகிங்கில் நீளவாக்கில் அழுத்தம், இது தெரிந்தது, சூத்திரத்தில் இருப்பது. ஆனால் அதே தட்டை அடியிலிருந்து கடல்நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. 14.5 மீட்டர் மூழ்கியிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 டன், அலைமுகடு வரும்போது இன்னும் கூடும். மேலே ஹோல்டில் இருக்கும் கன்டெய்னர்கள் அவ்வளவு கனம் கிடையாது, தானியமோ இரும்புத்தாதுவோ ஏற்றும் கப்பல் மாதிரி கீழ்நோக்கி அமுக்கிப் பிடிக்காது. மிச்ச விசை மேல்நோக்கி. இரண்டு பல்க்ஹெட்டுகளுக்கு (குறுக்குச் சுவர்களுக்கு) நடுவே இரட்டை அடித்தளம் (அடித்தட்டும் அதற்கு மேலே உள்ள இன்னொரு தகடும் சேர்ந்தது) முழுவதுமே மேல்நோக்கி உப்புகிறது, உப்பும்போது அதன் மேல்தகடு இழுபட்டு வெளிப்பக்க அடித்தட்டு அழுத்தப்படுகிறது, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் தட்டுக்கு நீளவாக்கில் இன்னும் கொஞ்சம் அழுத்தம், கூடவே குறுக்கிலிருந்து புதிய அழுத்தம் வேறு.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் இரு முனையையும் பிடித்து அமுக்கிப் பாருங்கள், ஓரளவு வரை விறைத்து நிற்கும். அமுக்கியபடியே நடுவில் கீழேயிருந்து யாராவது விரலால் லேசாகத் தட்டினால் பாதி விசையிலேயே வளைந்துவிடும். நீளவாக்கில் ஸ்டிஃப்பனர் என்ற வலுச்சட்டம் வைத்த கப்பல் தட்டு ஒருபக்க அழுத்தத்துக்கு நன்றாகவே தாங்கும், இருபக்கமும் அழுத்தினால் அதன் எல்லை சட்டென்று கீழே இறங்கும்.

அன்றைய ஐஏசிஎஸ் நீளவலிமை விதி கேட்டது, மொத்த வளைவு மொமென்ட்டுக்குப் போதுமான செக்ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு), நீளவாக்கு அழுத்தத்துக்கு பக்லிங் சரிபார்ப்பு. உடையும் வரை போய்ப் பார்க்கும் இறுதிவலிமைச் சோதனை அதில் இல்லை. இரட்டை அடித்தளத்தின் உப்பலைத் தனியாக 'உள்ளூர்ச் சுமை' என்ற தலைப்பில் சரிபார்ப்பார்கள். மொமென்ட் ஒரு பக்கம், நீரழுத்தம் இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனியே பாஸ். இரண்டும் ஒரே நொடியில், ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தால் என்ன என்ற கேள்விக்கு விதியில் வரியே கிடையாது. என் பார்வையில் இந்த விபத்தின் மையம் இதுதான். அலைச்சுமையை 'ஒரு மொமென்ட்' என்று ஒரே எண்ணாகச் சுருக்கிய கணமே நீரழுத்தம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

அறைவுக்குப் பின் வரும் நடுக்கம்

இரண்டாவது சங்கதி விப்பிங். கன்டெய்னர் கப்பலின் முகப்பு மேலே விரிந்திருக்கும், தளத்தில் கூடுதல் பெட்டி வைக்கத்தான். முகப்பு அலைக்குள் இறங்கும்போது அந்த விரிந்த பாகம் தண்ணீரில் 'டமார்' என்று அறையும், 300 மீட்டர் உத்தரம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். இவ்வளவு பெரிய கப்பலுக்கு அந்த அதிர்வின் காலம் இரண்டு விநாடிக்குப் பக்கம்.

அறைவு நடப்பது முகப்பு இறங்கும்போது, அதாவது சாகிங் பக்கம். அப்படியானால் ஹாகிங்குக்கு என்ன என்று கேட்கத் தோன்றும், நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். எஃகுக் கப்பலில் அதிர்வு சீக்கிரம் அடங்காது. தணிப்பு விகிதம் (அதிர்வு எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுற்று, அதாவது ஆறு விநாடி கழித்தும் வீச்சில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கும். ஆறு விநாடியில் முகடு நடுக்கப்பலுக்கு வந்துவிடும். ஹாகிங் உச்சத்தின் தலையில் அந்த மிச்ச நடுக்கமும் ஏறிக்கொள்ளும். கப்பலை வளையாத கட்டையாக நினைத்துப் போடும் ஸ்ட்ரிப் தியரியில் இது எட்டிக்கூடப் பார்க்காது.

இதற்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 2007 ஜனவரி 18 அன்று இங்கிலீஷ் கால்வாயில் எம்எஸ்சி நாபோலி என்ற கன்டெய்னர் கப்பலின் உடல் எஞ்சின் அறைப் பக்கம் உடைந்தது. பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவான எம்ஏஐபி தன் அறிக்கையில் விப்பிங் பற்றிப் பேசியது, பக்லிங் சரிபார்ப்பு விதிப்படி நடுக்கப்பல் பகுதிக்கு மட்டுமே கட்டாயமாக இருந்து எஞ்சின் அறைப் பக்கம் விடுபட்டதையும் காட்டியது. அங்கே இன்னொன்றும் வெளியே வந்தது. மேல்தளத்திலிருந்து மீட்ட பெட்டிகளை எடைபோட்டால் ஐந்தில் ஒன்று சொன்ன எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் விலகியிருந்தது. எடை பொய் என்றால் நிலைநீர் மொமென்ட்டும் பொய். 2016 ஜூலை 1 முதல் ஏற்றும் முன் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் சரிபார்த்துத் தர வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை கட்டாயமாக்கியது. தூத்துக்குடியில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கும் 'விஜிஎம்' (சரிபார்த்த மொத்த எடை) என்ற மூன்றெழுத்து அன்றிலிருந்துதான் பழக்கம்.

இரண்டு மலைகள்

ஜப்பானிய வகைப்படுத்தல் சங்கமான கிளாஸ்என்கே 2014-ல் தன் ஆய்வை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, 94-க்கும் 140-க்கும் பதிலாக வேறு இரண்டு எண்களை வைத்துச் சமாதானம் சொல்லாமல் இரண்டையுமே பரவலாக விரித்தது. கடல்நிலை மதிப்பீட்டிலேயே பிழை இருக்கலாம், விப்பிங் சேரும், சரக்கு எடை கூடக்குறைய இருக்கும்: சுமை ஒரு மலை மாதிரி விரிகிறது. எஃகின் உண்மையான ஈல்டு வலிமை (நிரந்தரமாக நெளியத் தொடங்கும் எல்லை) தட்டுக்குத் தட்டு மாறும், அடித்தட்டில் ஏற்கெனவே நெளிவு இருந்தால் வலிமை குறையும்: தாங்குதிறனும் மலையாக விரிகிறது. இரண்டு மலைகளின் அடிவாரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த ஒட்டுப்பகுதியில்தான் கப்பல் உடைந்திருக்க முடியும் என்றது ஆய்வு. சிலருக்கு இது நழுவல் பதிலாகப் பட்டது. எனக்கு நேர்மையான பதிலாகவே படுகிறது, சாட்சிப்பொருள் நாலு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும்போது இதைவிடத் துல்லியமாகச் சொல்கிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன். சகோதரக் கப்பல்களுக்கு வலுக்கூட்டும் வேலை விபத்து நடந்த கையோடு தொடங்கியாகிவிட்டது.

விதியும் மாறியது. 2015-ல் ஐஏசிஎஸ் எஸ்11ஏ, எஸ்34 என்ற இரண்டு பொதுத் தேவைகளைக் கன்டெய்னர் கப்பல்களுக்கென்றே கொண்டுவந்தது, 2016 ஜூலையிலிருந்து நடைமுறை. எஸ்11ஏ-யில் இறுதிவலிமைச் சோதனை வந்தது. அலை மொமென்ட்டை 1.2-ஆல் பெருக்க வேண்டும், ஹாகிங்கில் தாங்குதிறனை இரட்டை அடித்தள உப்பலுக்காக 1.15-ஆல் வகுக்க வேண்டும். சகோதரக் கப்பல்களில் நெளிந்த அந்தத் தட்டுதான் இப்போது 1.15 என்ற எண்ணாக விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எஸ்34 ஃபைனைட் எலிமென்ட் மாடலுக்கு எந்தெந்த ஏற்றநிலைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது, அதில் ஒன்று ஹோல்டில் ஒரு பே (கப்பலின் குறுக்கே போகும் ஒரு பெட்டி வரிசை) காலியாக இருப்பது. மேலேயிருந்து அமுக்க எதுவும் இல்லாத இடத்தில் அடித்தளம் எவ்வளவு உப்புகிறது என்று பார்க்கத்தான்.

நாங்கள் இப்போது இதைச் செய்யும்போது சிக்கல் வருவது எதிர்பாராத இடத்தில். நீரழுத்தத்தை ஹைட்ரோடைனமிக் மாடலில் கணக்கிடுகிறோம், அதன் பேனல்கள் பெரியவை. கட்டமைப்பு மாடலின் மெஷ் (கட்ட வலை) வேறு, சிறியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் சிந்தும். நீரழுத்தம், எடை, முடுக்கத்தால் வரும் ஜடத்துவ விசை மூன்றும் ஒரே நொடியில் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் மாடல் ஓடிவிடாமல் இருக்க மூன்று மூலையில் நாம் வைத்த சப்போர்ட்டில் அந்த மிச்சம் ரியாக்ஷனாக (எதிர்விசையாக) வந்து நிற்கும். ஒருமுறை ஒரு சின்ன வேலையில் அந்த ரியாக்ஷன் 900 டன் காட்டியது. முடிவுகளோ பார்க்க அழகாக இருந்தன, வண்ணப்படம் பளிச்சென்று, மொமென்ட் வளைவும் எதிர்பார்த்த மாதிரியே. காரணம் தேடினால் நீர்மட்டத்தை வெட்டும் பேனல் வரிசைக்கு அழுத்தமே மாறவில்லை. அன்றிலிருந்து ஸ்ட்ரெஸ் படத்தைத் திறக்கும் முன் ரியாக்ஷன் அட்டவணையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கப்பலின் மொத்த இடப்பெயர்ச்சி எடையில் ஆயிரத்தில் சில பங்குக்குள் இருந்தால் சரி, மேலே போனால் திரும்ப முதலிலிருந்து.

2022 இறுதியில் ஐஏசிஎஸ் தன் அலைத் தரவையும் மாற்றியது. பழைய வட அட்லாண்டிக் அட்டவணைக்குப் பதிலாக, கணினி மறுகணிப்புத் தரவையும் கப்பல்கள் உண்மையில் போன தடத்தைக் காட்டும் ஏஐஎஸ் (தானியங்கி அடையாளக் கருவி) பதிவையும் சேர்த்துப் புதிதாகக் கட்டினார்கள். கப்பல்கள் புயலைப் பார்த்து விலகிப்போகின்றன என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது.

விப்பிங் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. 32.26 மீட்டருக்கு மேல் அகலமான கப்பலுக்கு இறுதிவலிமை பார்க்கும்போது விப்பிங்கின் பங்கைச் சேர்க்க வேண்டும் என்கிறது எஸ்11ஏ. எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால், அந்தந்த வகைப்படுத்தல் சங்கத்தின் நடைமுறைப்படி. ஒரே கப்பலை இரண்டு சங்கங்களின் நடைமுறையில் ஓட்டினால் இரண்டு விப்பிங் எண்கள் வரலாம், இரண்டுமே விதிப்படி சரி.